பயன்படுத்தப்பட்ட நிகழ்பட ஆட்ட விற்பனை

பயன்படுத்தப்பட்ட நிகழ்பட ஆட்ட விற்பனை என்பது, ஒருவர் ஆடி முடித்த ஆட்ட வட்டைக் கடை திரும்ப வாங்கிப் பிறருக்கு விற்கும் வணிகம் ஆகும். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வணிகத்தால் பெரிதும் வளர்ந்த நிறுவனம் கேம்ஸ்டாப்.

புதிய வட்டின் விலையில் பெரும்பகுதி வெளியீட்டாளருக்குச் செல்கிறது. பழைய வட்டிலோ வாங்கிய விலைக்கும் விற்ற விலைக்கும் உள்ள வேறுபாடு முழுவதும் கடையையே சேரும். ஆட்டத்தை உருவாக்கியவருக்கு எதுவும் கிடைப்பதில்லை. 2000களின் இறுதியில் கேம்ஸ்டாப்பின் மொத்த இலாப விகிதம் புதிய ஆட்டங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகவும் பழையவற்றில் ஏறத்தாழப் பாதியாகவும் இருந்தது. பழையதைக் கொடுத்துப் பெறும் தொகையில் பலர் புதிய ஆட்டங்களையே வாங்குகின்றனர் என்பது கடைகளின் வாதம். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது.

சட்டமும் கடைகளின் பக்கமே நின்றது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் முதல் விற்பனைக் கோட்பாடு, வாங்கிய படியை மறுபடி விற்கும் உரிமையை அளிக்கிறது. சப்பானிய உச்ச நீதிமன்றமும் 2002 இல் ஆட்ட நிறுவனங்களுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எலக்ட்ரானிக் ஆர்ட்சு நிறுவனம் 2010 இல் ஒருமுறை மட்டும் பயன்படும் குறியீட்டைப் புதிய வட்டுகளுடன் வழங்கியது. பழைய வட்டை வாங்கியவர் இணையவழி ஆட 10 டாலர் தனியே செலுத்த வேண்டியிருந்தது. இம்முறை 2013 இல் கைவிடப்பட்டது. அதே ஆண்டில் எக்சு பாக்சு வன்னுக்கு அறிவித்த மறுவிற்பனைக் கட்டுப்பாடுகளை, எதிர்ப்பு வலுத்ததால், மைக்ரோசாப்ட் வெளியீட்டுக்கு முன்பே திரும்பப் பெற்றது.

பதிவிறக்கமாக விற்கப்படும் ஆட்டங்களுக்கு வட்டே இல்லை. எனவே கடை திரும்ப வாங்குவதற்கும் ஏதுமில்லை. கேம்ஸ்டாப் 2019 முதல் நூற்றுக்கணக்கான கடைகளை மூடியுள்ளது.