செப்பனிடச் செல்ல இயலாத தொலைவு

1990ஆம் ஆண்டு ஏப்ரலில் ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி ஏவப்பட்டது. அது அனுப்பிய படங்கள் மங்கலாக இருந்தன. 2.4 மீட்டர் விட்டமுள்ள அதன் முதன்மை ஆடி, விளிம்பில் ஏறத்தாழ 2.2 மைக்ரோமீட்டர் மிகையாகத் தேய்க்கப்பட்டிருந்தது. தலைமுடியின் தடிமனில் ஐம்பதில் ஒரு பங்களவே ஆன பிழை அது. ஆடியை அளந்த கருவியில் ஒரு வில்லை 1.3 மில்லிமீட்டர் இடம் மாறிப் பொருத்தப்பட்டிருந்தது. வேறு கருவிகள் பிழையைச் சுட்டியும், அவை துல்லியம் குறைந்தவை எனப் புறக்கணிக்கப்பட்டன. ஹபிள் ஏறத்தாழ 600 கி.மீ. உயரத்தில் சுற்றியதால், 1993இல் விண்வெளி வீரர்கள் நேரில் சென்று அக்குறையைப் போக்கினர்.

அதன் பின் உருவான ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு அந்த வாய்ப்பு இல்லை. அதன் இருப்பிடம் 15 லட்சம் கி.மீ. தொலைவில் உள்ளது. பழுது நேர்ந்தால் செப்பனிட எவரும் செல்ல இயலாது. ஏறத்தாழ 1,000 கோடி டாலர் செலவான இத்திட்டத்தில், அதுவரை எவரும் செய்திராத பல தொழில்நுட்பங்கள் தேவைப்பட்டன. பழகிய கருவிகளை மட்டும் நம்பினால், விரும்பிய அறிவியல் கிட்டாது. புதியவற்றை அப்படியே நம்பினாலோ, எல்லாமே வீணாகலாம்.

ஒன்பது படிகள்

இச்சிக்கலுக்கு விடை காண உதவியது தொழில்நுட்ப ஆயத்த நிலை என்னும் அளவுகோல். இதில் ஒன்பது படிகள் உண்டு. அடிப்படைக் கொள்கை அறியப்படுவது முதற்படி. விண்வெளியில் உண்மையாகவே இயங்கிக் காட்டுவது ஒன்பதாம் படி. இடையிலுள்ள ஆறாம் படிதான் நமக்கு இங்கு முக்கியம். கருவியின் மாதிரி ஒன்று, அது பணியாற்றப் போகும் சூழலை ஒத்த சூழலில் சோதிக்கப்பட்டுத் தேறுவதே ஆறாம் படி. வெப் திட்டத்தின் பத்துப் புதிய தொழில்நுட்பங்களும் 2007இல் இந்த நிலையை எட்டியிருந்தன. முழுத் தொலைநோக்கியைக் கட்டுவதற்கான முறையான இசைவு அடுத்த ஆண்டுதான் வழங்கப்பட்டது. சிறு மாதிரி உடைந்தால் இழப்பும் சிறிது. பாதி கட்டிய பின் உடைந்தால் திட்டமே தள்ளாடும்.

ஆடியையே எடுத்துக்கொள்வோம். பெரிலியம் உலோகத்தாலான 18 துண்டுகள் சேர்ந்து 6.5 மீட்டர் அகலமுள்ள ஆடியாகின்றன. அது பணியாற்றும் குளிர், சுழியத்திற்குக் கீழே 220 டிகிரி செல்சியஸையும் தாண்டும். அறை வெப்பநிலையில் செம்மையாக மெருகேற்றிய ஆடி அக்குளிரில் சுருங்கி வடிவம் மாறும். எனவே ஒவ்வொரு துண்டையும் குளிர்க்கலத்தில் வைத்து, அது எப்படி நெளிகிறது என அளந்தனர். பின்னர் அந்த நெளிவுக்கு எதிரான வடிவில் மீண்டும் மெருகேற்றினர். அறையில் பார்த்தால் அது பிழையான ஆடி. விண்வெளிக் குளிரிலோ குறையற்ற ஆடி! வியப்பூட்டும் இவ்வேலை, பொறுமையான அளவீட்டால் மட்டுமே கைகூடியது.

எண்ணிப் பாராத இடங்கள்

இவ்வளவு கவனத்துக்குப் பின்னும் திட்டம் பல ஆண்டுகள் தாமதமாயிற்று. உந்துபொறிகளின் அடைப்பிதழ்கள் தகாத கரைப்பானால் கழுவப்பட்டுப் பழுதாயின. 2018இல் ஒலிச் சோதனைக்குப் பின், சூரியக் கேடய உறையின் திருகுகள் கழன்று விழுந்திருந்தன. திருகு முடுக்குவதும் கருவி கழுவுவதும் புதிய தொழில்நுட்பங்கள் அல்ல. புதியது என்று அஞ்சிய இடங்களில் விழிப்பு மிகுந்திருந்தது. பழகியது என்று எண்ணிய இடங்களில் அது தளர்ந்தது. ஹபிளின் வில்லை இடம் மாறியதும் இவ்வகையே எனலாம்.

2021 டிசம்பர் 25 அன்று ஏரியன் 5 ஏவூர்தி வெப்பைச் சுமந்து சென்றது. ஏவூர்தியின் முகப்பில் அடங்காததால் அது மடித்தே அனுப்பப்பட்டது. ஒன்று தவறினாலும் பணி முழுவதும் கெடக்கூடிய இடங்களாக 344 கண்டறியப்பட்டிருந்தன. ஐந்தடுக்குச் சூரியக் கேடயம் விரிந்தது; 2022 ஜனவரி 8 அன்று ஆடியும் முழுமையாக விரிந்தது.

அவ்வாண்டு மே மாதத்தில் நுண்விண்கல் ஒன்று ஆடித்துண்டு ஒன்றைத் தாக்கியது. முன்கணிப்பைவிடப் பாதிப்பு பெரிதாக இருந்தது. அத்துண்டின் நிலையைச் சற்றே மாற்றிப் பிழையின் ஒரு பகுதியைப் பொறியாளர்கள் ஈடுசெய்தனர். தொலைநோக்கி தன் இயக்கத் திசையை நேர்முகமாக நோக்கியிருக்கும் நேரத்தைக் குறைத்தே இப்போது அதன் பணிகள் வகுக்கப்படுகின்றன.