வங்கிக் கணக்கு திடீரென முடக்கப்பட்டால்… ஓசூர், கிருஷ்ணகிரி மக்கள் அறிந்திருக்க வேண்டியவை

சம்பளம் வரவு வைக்கப்பட்டதாக எஸ்எம்எஸ் வருகிறது. ஏடிஎம்மில் பணம் எடுக்கப் போனால் வரவில்லை. ஜிபேயும் வேலை செய்யவில்லை. கிளைக்கு ஓடினால், "உங்கள் கணக்கு சைபர் கிரைமில் முடக்கப்பட்டிருக்கிறது, எங்களால் ஒன்றும் செய்ய முடியாது" என்று ஒரே வரியில் பதில் கிடைக்கிறது. மகளின் நிக்காஹ்வுக்காகச் சேர்த்த பணமோ, உம்ராவுக்காக ஒதுக்கிய பணமோ, அடுத்த மாத வாடகையோ, எதுவாக இருந்தாலும் அது கண்ணுக்குத் தெரிந்தும் கைக்கு எட்டாத பணமாகிவிடுகிறது.

பணத்தைவிட அச்சம்தான் பலரை முடக்கிப் போடுகிறது. "போலீஸ் விஷயம், வெளியே சொன்னால் மானம் போய்விடும்" என்று மாதக்கணக்கில் மௌனமாக இருந்துவிடுபவர்கள் உண்டு. இடைத்தரகரிடம் பணம் கொடுத்து ஏமாறுபவர்களும் உண்டு. ஆனால் கணக்கு முடக்கம் என்பது தீர்ப்பு அல்ல. அது விசாரணையின் முதல் படி மட்டுமே. நிரபராதி ஒருவர் இதிலிருந்து வெளியே வர வழி இருக்கிறது. அந்த வழி என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஏன் முடக்குகிறார்கள்?

முடக்கம் இரண்டு வகை. ஒன்று, வங்கி தானாகச் செய்வது. கேஒய்சி ஆவணங்களைப் புதுப்பிக்காதது, கணக்கின் வழக்கத்துக்கு மாறாகப் பெரிய தொகைகள் வந்து போவது போன்ற காரணங்களுக்காக வங்கி நிறுத்தி வைக்கும். ஆதார், பான், வருமானத்துக்கான சான்று ஆகியவற்றைக் கொடுத்து கிளையிலேயே இதைச் சரிசெய்துவிடலாம்.

மற்றொன்று, காவல்துறையின் கோரிக்கையின் பேரில் நடப்பது. இன்று பெரும்பாலான சிக்கல்கள் இங்கிருந்துதான் வருகின்றன.

இணைய மோசடியில் பணம் இழந்தவர் 1930 என்ற எண்ணை அழைத்தோ, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலோ புகார் செய்கிறார். ஒன்றிய உள்துறை அமைச்சகத்தின் கீழ் இயங்கும் இந்திய சைபர் குற்ற ஒருங்கிணைப்பு மையம் 2021 முதல் இதற்கென ஓர் அமைப்பை நடத்துகிறது. காவல்துறையும் வங்கிகளும் அதில் இணைக்கப்பட்டுள்ளன. பணம் எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்குப் போனது என்பதை அடுக்கடுக்காகத் தொடர்ந்து சென்று, மோசடிக்காரன் அதை வெளியே எடுப்பதற்குள் தடுப்பதே இதன் வேலை. இந்த வேகத்தால் பணம் திரும்பக் கிடைத்தவர்கள் ஏராளம். நாளை நாமே ஏமாற்றப்பட்டாலும் இந்த ஏற்பாடுதான் நமக்கும் உதவும்.

அதே வேகத்தில் நிரபராதிகளும் சிக்கிக்கொள்கிறார்கள். ஓர் உதாரணம் பார்ப்போம். பெங்களூருவில் ஒருவர் 2 லட்சம் ரூபாய் இழக்கிறார். அந்தப் பணம் முதலில் ஒரு கணக்குக்குப் போகிறது. அங்கிருந்து ஐந்து கணக்குகளுக்குப் பிரிகிறது. அதில் ஒருவன் ஓசூர் பேருந்து நிலையம் அருகே ஒரு கடையில் 1,400 ரூபாய்க்குச் செருப்பு வாங்கி, க்யூஆர் கோடில் பணம் செலுத்துகிறான். கடைக்காரருக்கு அவன் யாரென்றே தெரியாது. ஆனால் மோசடிப் பணம் கடந்து போன பாதையில் அவருடைய கணக்கும் வந்துவிடுகிறது. 1,400 ரூபாய்க்காக அவருடைய மொத்தச் சேமிப்பும் முடங்குகிறது.

இது வெறும் கற்பனையல்ல. டெல்லியில் தள்ளுவண்டியில் சோலே பட்டூரே விற்கும் ஒரு வியாபாரியின் கணக்கில் வந்த 105 ரூபாய் ஒரு மோசடியோடு தொடர்புடையது என்று கூறி, ஒரு லட்சம் ரூபாய்க்கும் மேல் இருந்த அவரது முழுக் கணக்கும் முடக்கப்பட்டது. அவர் டெல்லி உயர் நீதிமன்றம் வரை செல்ல வேண்டியிருந்தது. கேரளத்தில் 2023 ஆம் ஆண்டில் யுபிஐ வழியாகப் பணம் பெற்ற சிறு வியாபாரிகள் பலருக்கும் இதே நிலை ஏற்பட்டது.

நமது பகுதிக்கு ஏன் கூடுதல் சிக்கல்?

ஓசூரைத் தாண்டி அத்திப்பள்ளிக்குப் போனாலே கர்நாடகம். ஓசூரில் குடியிருந்து எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை பார்ப்பவர்கள், பெங்களூருவில் கடை வைத்திருப்பவர்கள், அங்குள்ள கிளையில் கணக்கு வைத்திருப்பவர்கள் நம்மில் பலர். சிப்காட் தொழிற்சாலைகளுக்குப் பல மாநிலங்களிலிருந்து தொழிலாளர்கள் வருகிறார்கள். அவர்கள் நம் கடைகளில் வாங்குகிறார்கள், நம் வீடுகளில் வாடகைக்கு இருக்கிறார்கள், யுபிஐயில் பணம் அனுப்புகிறார்கள். ஆகவே நம் கணக்கில் வரும் பணம் எந்த மாநிலத்திலிருந்து கிளம்பியது என்பதை நாம் அறிய முடியாது.

இதனால் முடக்கச் சொன்ன காவல் நிலையம் கர்நாடகத்திலோ, தெலங்கானாவிலோ, குஜராத்திலோ இருக்கலாம். கிருஷ்ணகிரி சைபர் கிரைம் காவல் நிலையத்துக்குப் போனால், "இது எங்கள் வழக்கு அல்ல" என்பார்கள். அது உண்மைதான். அவர்கள் போடாத முடக்கத்தை அவர்கள் நீக்க முடியாது. வங்கிக்கும் காவல் நிலையத்துக்கும் இடையே மாதக்கணக்கில் அலைவதைத் தவிர்க்க, எந்தக் காவல் நிலையம் என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

முதல் நாள் செய்ய வேண்டியவை

1. கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். வாய்ப் பேச்சுக்கு ஆதாரம் கிடையாது. மின்னஞ்சலும் அனுப்புங்கள்.

2. அக்கடிதத்தில் இவற்றைக் கேளுங்கள்: முடக்கச் சொன்ன காவல் நிலையம் எது, விசாரணை அதிகாரியின் தொடர்பு விவரம் என்ன, புகாரின் ஒப்புகை எண் என்ன, எந்தத் தேதியில் வந்த எந்தப் பரிவர்த்தனை மீது சந்தேகம், எவ்வளவு தொகை. காவல்துறையிடமிருந்து வந்த கடிதத்தின் நகலையும் கேளுங்கள்.

3. முடக்கம் எத்தகையது என்று கேளுங்கள். குறிப்பிட்ட தொகையை மட்டும் நிறுத்தி வைத்திருந்தால் அதை வங்கியில் 'லியன்' என்பார்கள். மீதிப் பணத்தை நீங்கள் எடுக்கலாம். 'டெபிட் ஃப்ரீஸ்' என்றால் பணம் உள்ளே வரும், வெளியே போகாது.

4. டெபிட் ஃப்ரீஸ் என்றால் உடனே நிறுவனத்தின் மனிதவளப் பிரிவில் சொல்லி, சம்பளத்தை வேறு வங்கிக் கணக்குக்கு மாற்றுங்கள். இல்லையென்றால் அடுத்த மாதச் சம்பளமும் உள்ளே சிக்கிக்கொள்ளும். தவணை, காசோலை ஏதும் நிலுவையில் இருந்தால் சம்பந்தப்பட்டவர்களுக்கு எழுத்து மூலம் நிலைமையைத் தெரிவியுங்கள்.

5. சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனைக்கான ஆதாரத்தைத் திரட்டுங்கள். பில், வாடகை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல், பொருள் அனுப்பிய ரசீது என எதையும் அழித்துவிடாதீர்கள்.

விசாரணை அதிகாரியை அணுகுவது எப்படி?

விவரங்கள் கிடைத்ததும் அந்த அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் பதிவுத் தபாலிலும் விளக்கக் கடிதம் அனுப்புங்கள். நீங்கள் யார், என்ன தொழில், அந்தப் பணம் எதற்காக வந்தது என்பதைச் சுருக்கமாக எழுதி, ஆறு மாத வங்கி அறிக்கையையும் ஆதாரங்களையும் இணையுங்கள். கடைசியில், "முழுக் கணக்கையும் விடுவித்து, சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைக்குமாறு வங்கிக்கு அறிவுறுத்த வேண்டுகிறேன்" என்ற வரி அவசியம் இருக்க வேண்டும். பதில் இல்லையென்றால் அந்த மாநிலத்தின் சைபர் குற்ற நோடல் அதிகாரிக்கும் குறைதீர் அதிகாரிக்கும் அனுப்புங்கள். அவர்களின் பட்டியல் தேசியப் புகார் இணையதளத்திலேயே உள்ளது.

விசாரணைக்கு அழைத்து முறையான நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள். வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுப் பதில் கொடுங்கள். சாட்சியாக அழைக்கப்படும் பெண்களையும் 60 வயதைக் கடந்த ஆண்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தைத் தவிர வேறிடத்துக்கு வரச்சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று சட்டம் கூறுகிறது.

ஒரு முக்கிய எச்சரிக்கை. "பணத்தைத் திருப்பி அனுப்பிவிடு, உடனே கணக்கைத் திறந்துவிடுகிறேன்" என்று தொலைபேசியில் யாராவது சொன்னால் அனுப்பாதீர்கள். காவலர் வேடத்தில் பேசும் மோசடிக்காரர்களும் இருக்கிறார்கள். வீடியோ அழைப்பில் கைது செய்யும் 'டிஜிட்டல் அரெஸ்ட்' என்பது இந்தியச் சட்டத்தில் கிடையவே கிடையாது. எந்தத் தொகையைத் திருப்பிக் கொடுப்பதாக இருந்தாலும் வழக்கறிஞரின் ஆலோசனையோடு, எழுத்து மூலமான ஆவணத்துடன் மட்டுமே செய்ய வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

குற்றத்தோடு தொடர்புடையதாகச் சந்தேகிக்கப்படும் சொத்தைக் கைப்பற்றும் அதிகாரம் காவல்துறைக்கு உண்டு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 102 ஆவது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 106 ஆவது பிரிவாக மாறியுள்ளது. வங்கிக் கணக்கும் இப்பிரிவின் கீழ் 'சொத்து'தான் என்று 1999 இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் அந்த அதிகாரத்துக்கு ஒரு கடிவாளமும் உண்டு. கைப்பற்றியதைக் காவல்துறை உடனடியாக மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். உங்கள் விஷயத்தில் அப்படித் தெரிவிக்கப்பட்டதா என்பது கேட்க வேண்டிய கேள்வி.

நீதிமன்றங்களும் இதில் தெளிவாகப் பேசியுள்ளன. 2023 இல் கேரள உயர் நீதிமன்றம், முடக்கத்தைச் சந்தேகத்துக்குரிய தொகையோடு நிறுத்திக்கொள்ளுமாறு வங்கிகளுக்கு உத்தரவிட்டது. 2024 இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வந்த வழக்கு நமக்கு இன்னும் நெருக்கமானது. தெலங்கானா சைபர் பிரிவின் கோரிக்கையின் பேரில், 9 லட்சம் ரூபாய்க்கும் மேல் இருந்த ஒருவரின் கணக்கு முழுமையாக முடக்கப்பட்டிருந்தது. சந்தேகத்துக்குரிய தொகையோ சுமார் 2.5 லட்சம். தொகையைக் குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது ஒருவரின் வாழ்வாதார உரிமையையே பாதிக்கும் என்று கூறிய நீதிபதி ஜி.ஜெயச்சந்திரன், 2.5 லட்சத்தை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு கணக்கை இயக்க அனுமதிக்குமாறு உத்தரவிட்டார். உங்கள் கடிதத்தில் இந்தத் தீர்ப்பைக் குறிப்பிடுங்கள். வழக்கறிஞரிடமும் சொல்லுங்கள்.

கடிதங்களுக்குப் பலன் இல்லையென்றால் இரண்டு வழிகள் உள்ளன. விசாரணை நடத்தும் காவல் நிலையத்தின் எல்லைக்குட்பட்ட மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் கணக்கை விடுவிக்கக் கோரலாம். அல்லது, கிளை தமிழகத்தில் இருக்கும்பட்சத்தில் சென்னை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு தாக்கல் செய்யலாம்.

செலவுக்கு அஞ்ச வேண்டாம். 1987 ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கும் தொழிற்சாலைத் தொழிலாளர்களுக்கும் இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. சிப்காட்டில் உழைக்கும் நம் சகோதரர்களில் பலருக்கு இது தெரியாது. கிருஷ்ணகிரி மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், 15100 என்ற எண்ணையும் அழைக்கலாம்.

ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமா என்று பலர் கேட்கிறார்கள். வங்கி 30 நாட்களுக்குள் பதில் தராவிட்டால் அங்கு புகார் செய்ய முடியும். ஆனால் காவல்துறையின் உத்தரவுப்படி வங்கி எடுத்த நடவடிக்கையை அவர் விசாரிக்க மாட்டார். வங்கி தானாக முடக்கியிருந்தால் அங்கே போகலாம்.

நம் பக்கம் சரிசெய்ய வேண்டியவை

"உன் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, வரும் பணத்தில் கமிஷன் தருகிறேன்" என்று விடுதிகளில் தங்கியிருக்கும் இளைஞர்களிடம் ஆசை காட்டும் கும்பல்கள் உள்ளன. ஏடிஎம் கார்டையும் சிம்மையும் கொடுத்தவர் வெறும் சாட்சியாக இருக்க மாட்டார், குற்றவாளியாகவே சேர்க்கப்படலாம். முன்பின் அறியாதவரிடம் கிரிப்டோ விற்றுப் பணம் வாங்குவதும் இதே பள்ளத்தில்தான் தள்ளும். பாவத்திலும் வரம்பு மீறலிலும் ஒருவருக்கொருவர் உதவ வேண்டாம் என்று அல்மாயிதா அத்தியாயத்தில் அல்லாஹ் தடுத்திருக்கிறான். யாரோ ஒரு முதியவரின் ஓய்வூதியம் நம் கணக்கு வழியாகத் திருடப்பட்டால், மறுமையில் அதற்கும் பதில் சொல்ல வேண்டும்.

வியாபாரிகள் கடை வரவுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். குடும்பச் சேமிப்பை அதில் வைக்காதீர்கள். அறிமுகமில்லாதவர், "யுபிஐயில் அனுப்புகிறேன், ரொக்கமாகக் கொடுங்கள்" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள். கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கச் சொல்லும் அல்பகரா 282 ஆவது வசனத்தை நாம் ஓதுகிறோம். அதன்படி நடந்திருந்தால் இன்று அந்தச் சீட்டே நமக்குச் சாட்சியாக நிற்கும்.

பள்ளிவாசல் நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். சந்தாவும் ஜகாத்தும் தனி நபர் கணக்கின் க்யூஆர் கோடில் வசூலிக்கப்பட்டால், அந்த நபரின் கணக்கு முடங்கும் நாளில் ஏழைகளின் அமானிதமும் முடங்கிவிடும். ஜமாஅத் அல்லது அறக்கட்டளையின் பெயரில் கணக்கு, இருவர் கையெழுத்து, ரசீது, பதிவேடு ஆகியவை கட்டாயம் இருக்கட்டும். ஜமாஅத்தில் சட்டம் அறிந்த சிலரைக் கொண்டு ஓர் உதவிக் குழுவை அமைத்தால், கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ வரும் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு திகைத்து நிற்கும் தொழிலாளிக்கு அதுவே பெரிய ஆறுதல். அவரைச் சந்தேகக் கண்ணோடு பார்ப்பதை விட்டு, அவருடைய விளக்கக் கடிதத்தை எழுத உதவுவோம்.

ஹலாலாக உழைத்துச் சேர்த்த பணத்துக்காக நியாயமான முறையில் குரல் கொடுப்பது நமது உரிமை. தாமதிக்காமல், எழுத்து மூலம், பொறுமையோடு அதைக் கேட்போம். அனைவரின் பொருளையும் மானத்தையும் வல்ல அல்லாஹ் பாதுகாப்பானாக!