ஒரே கயிற்றில் இருவர்

இல்லறத்தை ஒரு வண்டிக்கும், கணவன் மனைவியரை அதன் இரு சக்கரங்களுக்கும் ஒப்பிடுதல் நம்மவர் வழக்கம். வண்டியோ தெருவில் ஓடுவது. தெருவே இல்லாத பனிமலைகளில் ஒரே கயிற்றால் தம்மைப் பிணைத்துக்கொண்டு வாழ்நாளைக் கழித்த ஒரு தம்பதியரைப் பற்றி இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

இத்தாலியின் வடகிழக்கு மூலையில், ஒஸ்திரியாவும் சிலொவேனியாவும் அதனோடு வந்து கூடும் எல்லையருகே, தார்விசியோ என்றோர் ஊர் உளது. அதனை அடுத்த பூசினே என்னும் மலைக்கிராமமே நிவெஸ் மெரோயி அம்மையாரும் அவர்தம் கணவர் ரொமானோ பெனெட்டும் இல்லம் அமைத்துக்கொண்ட இடம். 1989 இல் மணம் புரிந்த இவர்கள், தம் ஊரைச் சூழ்ந்த யூலியன் அல்ப்ஸ் மலைகளிற் பயின்று, பின்னர் இமயத்தை நாடினர்.

உலகில் எண்ணாயிரம் மீற்றருக்கு மேலெழுந்த கொடுமுடிகள் பதினான்கே. நம் நாட்டின் அதியுயர்ந்த பீதுருதாலகால மலை 2524 மீற்றர்; அதுபோன்ற மூன்றை ஒன்றன்மேலொன்றாக அடுக்கினும் எண்ணாயிரத்தை எட்டாது என்பதை மாணவர் கணக்கிட்டு அறிக. அவ்வுயரத்திலே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதன் மூன்றிலொரு பங்களவே. ஆதலின் பெரும்பாலோர் பிராணவாயுக் கலங்களைச் சுமந்தும், கூடாரங்களை முன்கூட்டியே மேலே அமைத்துவைக்கும் சேர்ப்பாக்களின் துணைகொண்டும் ஏறுவர். இத்தம்பதியரோ இவ்விரண்டையும் வேண்டாமென்றனர். கூடாரமும் அடுப்பும் உணவும் அவர்கள் முதுகிலேயே ஏறின. பனியை உருக்கினாலன்றிக் குடிக்க நீரில்லை. 1998 இல் நங்க பர்பத்தில் தொடங்கிய கணக்கு 2003 இல் மூன்று வாரத்துக்குள் மூன்று சிகரங்கள் என விரைந்தது. 2006 இல் கே-2, 2007 இல் எவரெஸ்ட்.

2008 ஆம் ஆண்டின் மாரிக்காலத்தில் மகாலு மலையில் கடுங்காற்றில் அகப்பட்டு மனைவியின் கால் முறிந்தது. கணவரும் உடன்சென்ற நண்பரும் அவரைச் சுமந்து இறங்கினர். இந்தக் கடன், கடனென்று அவர்கள் எண்ணியிரார், அடுத்த ஆண்டே மறுபுறமாகத் திரும்பிற்று.

2009 இல் நிவெஸ் அம்மையார் பதினொரு சிகரங்களை முடித்திருந்தார். பதினான்கையும் ஏறும் முதற் பெண் யார் என்று பத்திரிகைகள் குதிரைப் பந்தயம்போல் எழுதிக்கொண்டிருந்த காலம் அது. கஞ்சன்ஜங்கா மலையில், உச்சிக்கு ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் கீழே, என்றும் முன்னே நடக்கும் ரொமானோ தளர்ந்து நின்றார். நீ போய் வா, நான் காத்திருக்கிறேன் என்பது அவர் கருத்து. அம்மையார் இசையவில்லை, இருவரும் இறங்கினர். பந்தயம் அவரின்றியே நடந்தது. அடுத்த ஆண்டு ஒரு கொரிய மாது முடித்ததாகக் கூறப்பட்டது ஐயத்துக்குள்ளாக, ஸ்பானிய மாது எதுர்னே பசபான் அவ்வாண்டு மே மாதம் பதினான்கையும் நிறைவுசெய்தார்.

ஊர் திரும்பியபின் நோய் இன்னதெனத் தெரிந்தது. ரொமானோவின் எலும்பு மச்சை குருதியணுக்களை ஆக்கும் தொழிலைக் கைவிட்டிருந்தது. உயரத்தில் மனிதன் பிழைப்பது எவ்வாறு? காற்றில் பிராணவாயு குறையக் குறைய, மச்சை செவ்வணுக்களை மிகுதியாக ஆக்கிக் குறையை ஓரளவு ஈடுசெய்கிறது. மலை எதைக் கேட்கிறதோ அதனையே அந்நோய் பறித்துக்கொண்டது. அம்மலையில் அவர் தனித்துக் காத்திருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நாம் விரித்தெழுத வேண்டியதில்லை.

முன்பின் அறியாத ஒருவர் ஈந்த மச்சையால் இருமுறை மாற்றுச் சிகிச்சை நடந்தது. அந்நோய்க்காலத்தைத் தம்முடைய பதினைந்தாவது சிகரமெனத் தம்பதியர் பின்னர் கூறியதுண்டு. அம்மையார் செய்தது பெருந்தியாகமெனப் பலர் புகழ்ந்தனர். நமக்கு அச்சொல் அத்துணைப் பொருந்துவதாகத் தோன்றவில்லை. கையிலுள்ள ஒன்றை மனமின்றி விடுவதன்றோ தியாகம்? இருவருமாக ஏறாத உச்சியை அவர் தமதென எண்ணியிருந்தாரல்லர். 2015 இல் வெளிவந்த அவர் நூலின் பெயரே, ‘உன்னைக் காத்திருக்க வைக்கமாட்டேன்’ என்று பொருள்படும்.

இன்னொருவரது மச்சை ஆக்கிய குருதியோடு ரொமானோ மறுபடி மலைக்குப் புறப்பட்டார். 2012 இல் கஞ்சன்ஜங்கா இடங்கொடுக்கவில்லை. 2014 மே மாதம் இருவரும் அதன் உச்சியில் நின்றனர். 2016 இல், முன்னர் கால் முறிந்த அதே மகாலு. எஞ்சியது அன்னபூர்ணா, முன்பு முயன்றும் கிட்டாத மலை, பனிச்சரிவால் உயிர் பல கொண்ட மலை. 2017 மே 11 ஆம் நாள், ஐம்பத்தைந்து வயதினரான இருவரும் 8091 மீற்றர் உயரமுடைய அதன் உச்சியை ஒருங்கே அடைந்தனர். பதினான்கையும் சேர்ந்தே ஏறி முடித்த முதல் தம்பதியர் அவர்களே. உச்சியில் நெடுநேரம் தங்குதல் அவ்வுயரத்தில் ஆகாது. அன்றே இறங்கத் தொடங்கினர்.