பால் கணக்கோடு ஒரு தூக்கக் கணக்கு

எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் மளிகைக் கடைக்காரர் கொடுத்த மாதக் காலண்டர் தொங்குகிறது. தேதிக் கட்டங்களில் அன்றன்றைக்கு வாங்கிய பாலை மனைவி எழுதிவைப்பாள். 'அரை', 'ஒண்ணு', விருந்தாளி வந்தால் 'ஒண்ணரை'. அதற்குக் கீழே பொடியாக இன்னோர் எண்: 7, 6½, 7, 8. அது முந்தைய இரவு நான் தூங்கிய மணிநேரம். பக்கத்தில் சில நாள் கூட்டல் குறி, சில நாள் கழித்தல் குறி, பல நாள் ஒன்றும் இருக்காது. பார்ப்பவர்கள் அதையும் பால் கணக்கு என்றே நினைத்துக்கொள்வார்கள்.

நான் மதுரையில் பள்ளிக்கூடக் கணக்கு வாத்தியார். எனக்கு இருப்பது பைபோலார் என்கிற இருதுருவ மனநோய். இந்தக் காலண்டர்தான் என்னை வேலையிலும் வீட்டிலும் நிறுத்திவைத்திருக்கிறது.

மூவாயிரம் கைடு

முதல் தடவை அது வந்தபோது நோய் என்று யாருக்கும் தோன்றவில்லை. எனக்கு யோகம் அடித்ததாகவே பட்டது. பிளஸ் டூ கணக்குக்கு யாரும் எழுதாத ஒரு கைடு எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன். இரவு இரண்டு மணி, மூன்று மணி ஆகும். காலையில் களைப்பே தெரியாது. தூக்கம் வராமல் புரண்டவர் மறுநாள் துவண்டு கிடப்பார். மனம் எல்லை மீறிப் பறக்கும் மேனியாவில் இருப்பவருக்குத் தூக்கமே பெரிதாகத் தேவைப்படாது. வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. தலைமையாசிரியருக்கு நள்ளிரவில் போன் போட்டேன். மனைவியின் எட்டுப் பவுனை அடகுவைத்து மூவாயிரம் பிரதி அச்சடித்தேன். ஐம்பது விற்றிருக்கலாம். மீதிக் கட்டுகள் இன்னும் பரணில் இருக்கின்றன.

அதன் பிறகு சரிவு. நான்கு மாதம், பல் தேய்ப்பதுகூட மலையாகத் தெரிந்தது. மருத்துவரிடம் போனது அப்போதுதான். பறந்துகொண்டிருக்கும்போது யார் போவார்? சோர்வை மட்டும் சொன்னேன், சோர்வுக்கு மாத்திரை கிடைத்தது. மூன்று வாரத்தில் மறுபடி பறக்கத் தொடங்கினேன். பைபோலார் உள்ள சிலரை, மனச்சோர்வு மாத்திரையைத் தனியாகக் கொடுத்தால் அதுவே மேனியாவில் தள்ளிவிடும். மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்கள், முன்பு எப்போதாவது தூக்கமில்லாமலே துள்ளித் திரிந்த நாட்கள் உண்டென்றால், கேட்காவிட்டாலும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் கோபம், மாலையில் சிரிப்பு என்று இருப்பவரைப் 'பைபோலார்' என்று கேலி பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. மருத்துவக் கணக்கு வேறு. மேனியா என்றால் குறைந்தது 1 வாரம் நீடிக்க வேண்டும்; அதன் மெல்லிய வடிவமான ஹைப்போமேனியா 4 நாள்; மனச்சோர்வு 2 வாரம். பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, பைபோலார் உள்ளவர்களில் ஏறத்தாழ பத்தில் ஏழு பேர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள்.

ஐந்து நேரங்கள்

இந்த நோயை மனசின் பலவீனம் என்றே எல்லோரும் பேசுகிறார்கள். நான் பட்டு அறிந்தவரை, கெட்டுப்போவது முதலில் உள்ளிருக்கும் கடிகாரம். அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எலன் ஃபிராங்க் என்ற உளவியலாளர் இதைப் பிடித்துக்கொண்டு ஒரு சிகிச்சை முறையையே வகுத்தார். எழுவது, அன்றைய முதல் மனிதரோடு பேசுவது, வேலையைத் தொடங்குவது, இரவுச் சாப்பாடு, படுப்பது – இந்த ஐந்தும் தினமும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். 175 பேரிடம் சோதித்து 2005இல் முடிவை வெளியிட்டார். நோய் முற்றியிருந்த கட்டத்திலேயே இதைக் கற்றுக்கொண்டவர்கள் அடுத்த அலை வராமல் அதிக நாள் தாக்குப்பிடித்தார்கள்.

கேட்க எளிது. நம் ஊரில் செய்து பார்த்தால் தெரியும். கல்யாணம் என்றால் முதல் நாள் இரவு ரிசப்ஷன், விடியுமுன் முகூர்த்தம். சித்திரைத் திருவிழாவில் எதிர்சேவை இரவு ஊரே தூங்காது. ஒரு இரவுக் கண்விழிப்பு போதும், என் கடிகாரம் கழன்றுவிடும். அதனால் அழகர் ஆற்றில் இறங்குவதை எழுந்து டிவியில் பார்க்கிறேன். சென்னைக்கு இரவு பஸ் கிடையாது; பகலில் வைகை எக்ஸ்பிரஸ். கல்யாண வீட்டில் ஒன்பது மணிக்குப் பந்தி முடிந்ததும் அறைக்குப் போய்ப் படுத்துவிடுவேன். "மாப்பிள்ளைக்கு ரொம்பத்தான் மவுசு" என்று மாமா ஒருவர் சொன்னார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

முதல் நோயாளியின் கதை

இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு லித்தியம் மாத்திரை. இது மேனியாவை அடக்கும் என்று கண்டறிந்த ஜான் கேட் ஆஸ்திரேலியர். இரண்டாம் உலகப் போரில் சிங்கப்பூர் சாங்கியில் ஜப்பானியரிடம் மூன்று ஆண்டுகளுக்கு மேல் கைதியாக இருந்தவர். மெல்போர்ன் அருகே ஒரு மனநல மருத்துவமனையில், மேனியா முற்றிய பத்து நோயாளிகளுக்கு லித்தியம் உப்பைக் கொடுத்துப் பார்த்து, 1949இல் கட்டுரை எழுதினார். ஐந்து ஆண்டுகளாக ஓயாத மேனியாவில் இருந்த முதல் நோயாளி சில வாரங்களில் தெளிந்து, சில மாதங்களில் வீடு திரும்பினார். திரும்பியவர் மாத்திரையை விட்டார். நோய் திரும்ப வந்தது. மறுபடி மருந்து கொடுத்தார்கள். 1950இல் லித்தியம் உடம்பில் நஞ்சாகி இறந்துபோனார்.

நான் மறக்காமல் வைத்திருக்கும் இரண்டு பாடமும் அந்த ஒரு மனிதரிடம் இருக்கின்றன. 'நல்லாத்தானே இருக்கோம், மாத்திரை எதுக்கு' என்ற நினைப்பு வரும். நன்றாக இருப்பதே மாத்திரையால்தான். அடுத்தது அளவு. ரத்தத்தில் லித்தியம் பெரும்பாலோருக்கு லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்க வேண்டும். கடைசி மாத்திரை போட்டு 12 மணிநேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கிறேன். கத்திரி வெயிலில் நீர்ச்சத்து குறைந்தாலும், வயிற்றுப்போக்கு கண்டாலும், உப்பைத் திடீரென்று நிறுத்தினாலும் அளவு ஏறிவிடும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிப் போடும் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளும் ஏற்றிவிடும். கை நடுக்கம் கூடினால், வாந்தி, தள்ளாட்டம், நாக்குக் குழறல் வந்தால் மறுநாள் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, உடனே மருத்துவமனைதான்.

கழித்தல் நாட்கள்

மாத்திரை சாப்பிட்டாலும், காலண்டரில் கழித்தல் குறி விழும் சோர்வு நாட்கள் வரும். அன்றைக்கு 'மனசு வந்ததும் எழுந்திருக்கலாம்' என்று காத்திருந்தால் மாலையாகிவிடும். உடம்பு முதலில் அசைய வேண்டும், மனசு பிறகு வந்து சேரும். முன்பெல்லாம் மனைவி, "மனசத் தைரியமா வச்சுக்கங்க" என்பாள். எதை எடுத்து எங்கே வைப்பது? இப்போது, "என்னங்க, மாடியில துணி காயப்போடணும், பக்கெட்ட மட்டும் தூக்கிட்டு வாங்க" என்கிறாள். தூக்கிக்கொண்டு போனால் பத்து நிமிட வெயில் மேலே படும். பல் தேய்த்தாயிற்று, பக்கெட் தூக்கியாயிற்று. அன்றைக்கு அதுவே பாஸ் மார்க்.

சாவைப் பற்றிய எண்ணம் எட்டிப் பார்த்தால் சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுவது எங்கள் ஒப்பந்தம். அவளும் நேரடியாகவே கேட்பாள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அந்த நாட்களில் மாத்திரை டப்பா அவள் வசம். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் எண் 14416, இரவு பகல் எந்நேரமும் எடுப்பார்கள். மாவட்ட அரசு மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் மாத்திரை இலவசம்.

பீரோக் கதவில் ஒரு தாள்

தெளிவாக இருக்கும் நாளில் நானே என் கையெழுத்தில் எழுதி பீரோவின் உள்கதவில் ஒட்டிய தாள் ஒன்று உண்டு. அடுத்தடுத்து இரண்டு இரவு ஐந்து மணிநேரத்துக்குக் குறைந்தால் மருத்துவருக்குப் போன். ஐயாயிரத்துக்கு மேல் எதையும் வாங்க மூன்று நாள் பொறுக்க வேண்டும். ஏடிஎம் கார்டு அவளிடம். எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்து இல்லை. மேலே பறக்கும்போது இதையெல்லாம் அவள் சொன்னால் எதிரியாகத் தெரிவாள். என் கையெழுத்து என்றால் கொஞ்சம் நின்று படிப்பேன். நோய் முற்றினால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டமே தருகிறது என்பது பிறகுதான் தெரிந்தது.

போன வாரம் வியாழக்கிழமைக் கட்டத்தில் 6. வெள்ளியில் 5½, பக்கத்தில் கூட்டல். வடிவியலைப் பிள்ளைகளுக்குக் கதை மாதிரி சொல்லித்தர ஒரு யோசனை வந்திருந்தது. நோட்டை எடுத்துவைத்து வேகமாக எழுதிக்கொண்டிருந்தேன். அவள் காலண்டரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். "என்னங்க, இன்னிக்கு ஒம்பது மணிக்கே லைட்ட அணைச்சிருவோம்." நல்ல இடத்தில் நின்றிருந்தது எழுத்து. நோட்டை மூடினேன்.

சனிக்கிழமைக் கட்டத்தில் 7. பால் அரை. நோட்டு வைத்த இடத்திலேயே இருந்தது.