ஒரே கோட்டில் ஒரு திருமுகம்

பாரிஸில் பிரெஞ்சுக் கலைஞர் குளோத் மெலான் 1649ஆம் ஆண்டு செதுக்கி அச்சிட்ட இயேசுவின் முகத்தைத் தள்ளி நின்று பார்த்தால் புதுமை எதுவும் தெரியாது. முள்முடி, ரத்தத் துளிகள், நம்மையே பார்க்கும் கண்கள். கிட்டே போய் மூக்கின் நுனியைப் பாருங்கள். அங்கே ஒரு கோடு தொடங்கி, கொசுவர்த்திச் சுருள்போலச் சுற்றிச் சுற்றி விரிந்துகொண்டே போகிறது. கண், தாடி, முள், எல்லாமே அந்த ஒரே கோடுதான். எங்கும் அது தன்னையே வெட்டிக்கொள்வதில்லை.

அப்படியானால் முகம் எங்கிருந்து வந்தது? கோட்டின் தடிமனிலிருந்து. செப்புத் தகட்டில் கூரிய உளியை உள்ளங்கையால் தள்ளிப் பள்ளம் கீறுவார்கள். அழுத்தினால் பள்ளம் ஆழமாகும், அகலமும் கூடும். கையைத் தளர்த்தினால் மயிரிழையாகும். தகடு முழுக்க மை பூசித் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை மேலே வைத்து உருளைகளுக்கிடையே செலுத்தினால், தாள் பள்ளத்துக்குள் இறங்கி மையை எடுத்துக்கொள்ளும். அகலப் பள்ளம் நிழலாகும், மெல்லியது வெளிச்சமாகும்.

நிழலுக்காகக் கோடுகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னுவது பரவலான வழக்கம். பின்னலில் சிறு பிசகு மறைந்துவிடும். மெலானோ பெரும்பாலும் இணைகோடுகளின் தடிமனையே நம்பியவர். ஒரே கோடு என்றாலும் ஒரே மூச்சில் இழுத்ததல்ல. உளி மழுங்கும், தீட்ட வேண்டும், விட்ட இடம் தெரியாமல் மறுபடி தொடர வேண்டும். அச்சில் இடவலம் மாறிவிடுவதால் எல்லாவற்றையும் கண்ணாடிப் பிம்பமாகவே செதுக்க வேண்டும்.

இது வெறும் கைவித்தை என்று எனக்குத் தோன்றவில்லை. சிலுவைப் பாதையின் ஆறாம் நிலையை அறிந்தவர்களுக்கு இந்தக் காட்சி தெரியும்: சிலுவை சுமந்து போன இயேசுவின் முகத்தை வெரோணிக்கா துடைத்தபோது அது துணியில் பதிந்தது என்பது மரபு. மெலான் செதுக்கியதும் அந்தத் துணியில் பதிந்த முகத்தைத்தான். தூரிகை தொடாமல் ஒற்றி எடுத்த முகம் அது. ஈரத்தாளில் ஒற்றி எடுக்கும் அச்சுக்கலையைவிட அதற்கு நெருக்கமான கலை வேறு உண்டா? ஜெர்மானியக் கலைஞர் ஆல்பிரெக்ட் டியூரரும் 1513இல் இதே துணியைச் செம்பில் செதுக்கினார். அதில் வானதூதர் இருவர் அதை ஏந்திப் பிடித்திருப்பார்கள். மெலான் தூதர்களையும் சேர்க்கவில்லை, வெரோணிக்காவையும் சேர்க்கவில்லை.

லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்திலும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்திலும் மெலானின் இந்த அச்சின் பிரதிகள் இருக்கின்றன. இணையத்தில் பெரிதாக்கிப் பார்க்கும்போது, கன்னத்தில் மெலிந்து வரும் கோடு கண்ணருகே எப்படித் தடிக்கிறது என்பதைத் தொடர்ந்து பாருங்கள்.