மலைச்சாலையில் பழைய ஸ்போர்ட்ஸ் காரா, புதிய பிக்அப்பா?

தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு இரண்டு வண்டிகள் புறப்படுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று, 1989-இல் அறிமுகமான மாஸ்டா எம்எக்ஸ்-5 ஸ்போர்ட்ஸ் கார். மற்றொன்று, 2.4 லிட்டர் டீசல் இயந்திரம் கொண்ட புதிய டொயோட்டா ஹைலக்ஸ் பிக்அப். எது சிறந்தது?

காரின் 1.6 லிட்டர் பெட்ரோல் இயந்திரம் ஏறத்தாழ 115 குதிரைத்திறன் தரும். பிக்அப் 150 தரும். ஆனால் கார் ஒரு டன்னுக்கும் சற்றுக் குறைவு. பிக்அப் ஏறத்தாழ 2 டன். ஆக, ஒரு டன் எடைக்குக் காரில் 115-க்கு மேல், பிக்அப்பில் 75 குதிரைத்திறன்தான். சமதளத்தில் காரே முந்தும்.

மேலே ஏற ஏற காற்று மெலிகிறது. சுமார் 1,440 மீட்டர் உயரத்திலுள்ள தானா ராத்தாவில் காற்றின் அடர்த்தி ஏறத்தாழ 13 விழுக்காடு குறைவு. ஆக்சிஜன் குறைவதால் காரின் திறன் 100 குதிரைத்திறன் அளவுக்குச் சுருங்கும். பிக்அப்பில் உள்ள டர்போ, வெளியேறும் புகையின் விசையால் சுழன்று, காற்றை அழுத்தி இயந்திரத்துக்குள் செலுத்துவதால் இழப்பு குறைவு.

சக்கரத்தைச் சுழற்றும் முறுக்குவிசையையும் பாருங்கள். காரின் உச்ச அளவு 136 நியூட்டன் மீட்டர். அதுவும் நிமிடத்துக்கு 5,500 சுற்றில்தான் கிடைக்கும். பிக்அப்பில் 1,600 சுற்றிலேயே 400 கிடைக்கிறது. சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டத்துக்குச் செல்லும் குறுகிய பாதையில், சுமையோடு மெதுவாக ஏற இதுவே ஏற்றது.

வளைவில் நிலைமை வேறு. காரின் ஈர்ப்பு மையம் தாழ்வானது. தட்டுபோல் தரையோடு ஒட்டி நிற்கும். பிக்அப் உயரமான குவளை போன்றது. பின்னால் முட்டைகோஸ் கூடைகளை உயர அடுக்கினால் ஈர்ப்பு மையம் இன்னும் மேலே போகும். கவிழும் ஆபத்து கூடும்.

உண்மையான சோதனை இறக்கத்தில்தான். சுமையோடு 3 டன் எடையுள்ள பிக்அப், தானா ராத்தாவிலிருந்து தாப்பாவுக்கு ஏறக்குறைய 1,400 மீட்டர் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் 41 மில்லியன் ஜூல். அறை வெப்பநிலையிலுள்ள 140 லிட்டர் நீரைக் கொதிக்க வைக்க அது போதும்! ஓட்டுநரோடு ஒரு டன் எடையுள்ள காருக்கு 47 லிட்டர்தான் கணக்கு. இந்த ஆற்றலில் ஒரு பகுதியைக் காற்றுத் தடையும் டயர்களும் எடுத்துக்கொள்ளும். மீதியைப் பிரேக் மட்டுமே தாங்கினால் அது அளவுக்கு மீறிச் சூடாகி, பிடிப்பை இழக்கும்.

வண்டி புதியது என்பதால் இயற்பியல் விதி மாறுவதில்லை. எனவே இறங்கும்போது குறைந்த கியரில் வாருங்கள்; ஆட்டோ கியர் என்றாலும் கீழ் கியரைத் தேர்ந்தெடுங்கள். இயந்திரமே வண்டியை இழுத்துப் பிடிக்கும். நியூட்ரலில் ஒருபோதும் உருட்டாதீர்கள். பிரேக்கிலிருந்து கருகல் வாடை வந்தால், பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி ஆறவிடுங்கள். ஏற்றத்தில் சில நிமிடம் பிந்தினால் நட்டமில்லை; இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் போனால் உயிருக்கே ஆபத்து.