பொய்க்காசும் இணைய ஏலமும்

பழம்பொருள்களைத் தேடித் தொகுத்தல் அறிவும் இன்பமும் ஒருங்கே பயக்கும் நற்பழக்கமாகும். அவற்றுள்ளும் பழங்காசு சிறந்தது. உள்ளங்கையில் அடங்கும் ஒரு வெள்ளித்துண்டு ஈராயிரம் ஆண்டுச் செய்தியைச் சுமந்து நிற்றலின், அதனைக் காண்பார் உள்ளம் அதன்பாற் செல்லுதல் இயல்பே. முன்னாளில் காசு வேண்டுவோர் விற்போன் முகத்தையும் காசின் முகத்தையும் நேரே நோக்கி வாங்கினர். இந்நாளிலோ இணைய ஏலத்தில் நிழற்படம் ஒன்றையே நோக்கி விலை கூறுகின்றனர். கையால் தொட்டறிய இயலாத இவ்வாணிகத்திற் பொய்க்காசு எளிதிற் புகுகின்றது. அதனை அறியும் வழியினையும், ஏமாந்தபின் ஆற்றவேண்டுவனவற்றையும் ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

இப்பொருள் கொங்குநாட்டார்க்குப் பெரிதும் உரியது. எம்மூராகிய சோமனூர்ப் பக்கத்தே செல்லும் நொய்யலாற்றின் கரையோரம் பண்டை வாணிகப் பெருவழி ஒன்று இருந்தது. அவ்வாற்றின் மேற்பாலுள்ள வெள்ளலூரில் 1842-ஆம் ஆண்டு ஐந்நூற்றுக்கு மேற்பட்ட உரோம வெள்ளிக்காசுகள் கிடைத்தன. கத்தாங்கண்ணியில் 1913-இல் மற்றொரு புதையல் வெளிப்பட்டது. கீழ்ப்பாலுள்ள கொடுமணல் மணித்தொழிலாற் புகழ்பெற்றது. கருவூரை அடுத்த புகழூர்க் குகைக் கல்வெட்டு கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவனைக் குறிக்கின்றது. காசு நோட்டம் பார்ப்போனை நம் முன்னோர் வண்ணக்கன் என வழங்கினர். சங்கப் புலவர் சிலர் பெயரொடு அச்சொல் சேர்ந்து நிற்றலை மாணவர் அறிவர். காசு வழங்கிய அன்றே பொய்க்காசும் வழங்கிற்று என்பதற்கும், அதனை ஆராய்தல் ஒரு தொழிலாகவே இருந்தது என்பதற்கும் அப்பெயரே சான்றாகும்.

மேனாட்டிலும் இக்கள்ளத்தொழில் பழையது. செருமானிய நாட்டுப் பெக்கர் என்பான் (1772–1830) பண்டைக் காசுகளின் அச்சுக்களைத் தானே வெட்டி, மெய்க்காசும் நாணும்படி போலிகளை அடித்தான். அவன் அச்சுக்கள் பெர்லின் காட்சிச்சாலையை அடைந்து, இன்று ஆராய்ச்சியாளர்க்கு உதவுகின்றன. கைத்திறன் மிக்க ஒருவன் அன்று செய்ததை இன்று பொறிகள் எளிதிற் செய்கின்றன. வெள்ளலூர் போன்ற ஊர்களிற் பெரும்பான்மையாகக் கிடைத்தவை அகஸ்துவும் திபேரியுவும் வெளியிட்ட காசுகள். திபேரியுராயன் காசையே வேதாகமம் கூறும் வரிக்காசு எனப் பலர் கருதுதலின், கிறிஸ்தவ நாடுகளெங்கும் அதற்கு விருப்பம் மிகுதி. விருப்பம் மிக்க விடத்துப் போலியும் மிகும் என்க.

நம் நாட்டில் மற்றொரு வகை மோசடியும் உளது. கிழக்கிந்தியக் கும்பினியார் 1818-இல் அடித்த ஓரணா என்று கூறி, இராமர், அனுமார் முதலிய திருவுருவங்கள் பொறித்த செப்புக்காசுகளைப் பெருவிலைக்கு விற்கின்றனர். அவற்றிற்குத் தெய்வ ஆற்றல் உண்டென்றும் உரைக்கின்றனர். கும்பினியார் அத்தகைய காசு அடித்ததேயில்லை. நாடெங்கும் வழங்கிய ஓரணா நாணயமோ 1906-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே, எட்வர்டு மன்னர் காலத்தில் தோன்றிற்று. இவ்வொரு செய்தியை அறிந்திருந்தாலே, தறிக்கூலியிற் சிறுகச் சேர்த்த பணத்தை ஒருவன் இழவாதிருக்கலாம். பழங்காசுகளைப் பெருவிலைக்கு வாங்குவதாகக் கூறி, ரிசர்வ் வங்கியின் பெயரால் முன்கட்டணமும் வரியும் கேட்போரைப் பற்றி அவ்வங்கியே 2021 ஆகஸ்டுத் திங்களில் எச்சரித்துள்ளது.

இனி, ஆராயும் முறை. எம்மூர்த் தறிக்காரர் துணியின்மேல் ஒட்டிய சீட்டை நம்பி விலை பேசார். துணியை விரித்துப் பாவும் ஊடையும் எண்ணியே பேசுவர். காசினிடத்தும் அவ்வாறே செய்க. முதற்கண் எடை. அகஸ்துவின் வெள்ளிக்காசு ஏறக்குறைய 3.8 கிராம் நிற்கும். அடுத்தது நீர்ச்சோதனை. நல்ல வெள்ளி நீரைப்போலப் பத்தரை மடங்கு கனமுடையது, ஆதலின் 3.8 கிராம் காசு நீருள் தொங்கவிட்டு நிறுத்தவழி 0.36 கிராமளவு குறையும். 0.45 குறையுமாயின் அது பித்தளையினத்தைச் சார்ந்ததென அறிக. கல்லூரி இயற்பியற் கூடத்துத் தராசே இதற்குப் போதும். மூன்றாவது விளிம்பு. வார்த்த போலியின் விளிம்பில் இரு பாதியும் கூடிய கோடோ, அதனை அராவிய தடமோ, மேற்பரப்பிற் குமிழிக் குழிகளோ காணப்படும். நான்காவது இரட்டைப் பிறப்பு. ஒரே கீறலும் ஒரே தேய்வும் உடைய இரு காசுகள் வெவ்வேறிடத்து விலைக்கு வரின், ஓர் அச்சில் வார்த்தவை என்பது தெளிவு. அச்சு ஒன்றாகலாம், தேய்வு ஒன்றாகாது.

இச்சோதனைகளுள் ஒன்றே முடிவு கூறப் போதாது. மெய்வெள்ளியிலேயே போலி செய்வாரும் உளர். மற்று, குறை கண்டவுடன் போலியென விலக்கலும் தவறு. புதுக்கோட்டையை அடுத்து 1898-இற் கிடைத்த உரோமப் பொற்காசுகள் 501-இற் பெரும்பாலானவை உளியால் வெட்டுண்டிருந்தன; அவ்வெட்டு பண்டைக்காலத்தே இட்டது.

காசு மெய்யானதாயினும் வினா ஒழிவதில்லை. நூறாண்டு கடந்த காசு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டத்தில் அடங்கும். அவற்றை வாணிகஞ்செய்வோன் உரிமம் பெறல் வேண்டும். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையல் கண்டவன் கலெக்டருக்கு அறிவித்தல் வேண்டுமென்பது 1878-ஆம் ஆண்டுச் சட்டம். ஆகவே, "நொய்யற்கரையில் நேற்றுத் தோண்டியது" என்று பெருமை பேசி விற்போன் பொய்யனாதல் வேண்டும்; அன்றேல் சட்டத்தை மீறினவனாதல் வேண்டும். இருவரிடத்தும் வாங்குதல் தகாது.

ஏமாந்தோர் செய்யத்தக்கன யாவை? பொதியைப் பிரிக்கும்போதே காணொளியாகப் பதிவு செய்க. விற்போன் எழுதிய விளக்கம், உரையாடல், பணஞ்செலுத்திய சான்று ஆகியவற்றைப் படியெடுத்து வைக்க. காசைத் துலக்கற்க, துலக்கின் சான்று அழியும். ஏலநிறுவனத்தின் குறைதீர் அலுவலர்க்கு உடனே எழுதுக. 2020-ஆம் ஆண்டு விதிகளின்படி அவர் 48 மணி நேரத்துள் பெற்றமை தெரிவித்து, ஒரு திங்களுள் தீர்வு காணல் வேண்டும். மோசடி தெளிவாயின் வங்கிக்கும் 1930 என்னும் எண்ணுக்கும் காலந்தாழாது அறிவிக்க. நுகர்வோர் உதவிக்கு 1915 என்னும் எண் உளது. நுகர்வோர் ஆணையத்தில் வழக்கிடுவோர் ஈராண்டுக்குள் இடுதல் வேண்டும்.

பணம் மீண்டால் எல்லாம் முடிந்ததெனக் கருதற்க. பணம் மீளாதார் சிலர், தாம் இழந்ததைப் பிறர்பால் மீட்க எண்ணி, அப்பொய்க்காசையே மீண்டும் ஏலத்தில் விடுகின்றனர். இதனாற் கெடுவது வாங்குவோன் பொருள் மட்டுமன்று. "வெள்ளலூரிற் கிடைத்தது" என்னும் பொய்க்குறிப்போடு ஒரு காசு கைமாறுந்தோறும், எழுத்துச் சான்று குறைந்த கொங்குநாட்டு வரலாற்றினுள் ஒரு பொய் புகுகின்றது. பின்வரும் ஆராய்ச்சியாளன் அதனை மெய்யென்று கொள்ளின், அவன் கட்டும் கோயில் மணல்மேல் நிற்கும். ஆதலின் போலியென்று தெளிந்த காசின் உறைமேல் 'போலி' என எழுதி, வாங்கிய நாளும் விலையும் குறித்து, பிறர்க்குப் பாடமாக வைத்திருத்தலே அறமாகும். அன்று வண்ணக்கன் ஒருவன் செய்த பணியை இன்று காசு வாங்கும் ஒவ்வொருவரும் செய்தல் வேண்டும். நம் மாணவர் அதற்கு முற்படுவாராக.